வேக வண்டியை எப்போது விடுவது?

ஐம்பத்தைந்து வயதைக் கடந்த பிறகு 500 சிசிக்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளை வாங்கி ஓட்டுகிறவர்கள் நம் ஊர்களில் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். 1980களில் கல்லூரி வாசலில் நின்ற யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டியை ஏக்கத்தோடு பார்த்தவர்கள், வீட்டுக்கடன் முடிந்து பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு, அன்று கிடைக்காததை இன்று வாங்கி வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள். நானும் அந்தத் தலைமுறைதான். அவர்களை நினைத்தே இதை எழுதுகிறேன். வேக வண்டியை எப்போது விட வேண்டும் என்ற கேள்வியை நாம் நமக்குள் பேசிக்கொள்வதே இல்லை. வீட்டில் இருப்பவர்கள் பேசுகிறார்கள். "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்று அவர்கள் கேட்கும் தொனி நமக்குப் பிடிப்பதில்லை என்பதால், தொனியோடு சேர்த்துக் கேள்வியையும் தள்ளிவிடுகிறோம்.

நன்றாக ஓட்டத் தெரிந்தவரின் கண்ணையும் கவனத்தையும் சாலை முழுவதுமாக எடுத்துக்கொள்வதில்லை. பாதிதான் செலவாகும். எதிரே வரும் பேருந்து திடீரென்று முந்த ஏறினால், நடுத்தடுப்பின் இடைவெளியிலிருந்து ஓர் ஆடு குதித்தால், வளைவில் எம்-சாண்ட் கொட்டிக் கிடந்தால் எடுத்துச் செலவழிக்க மற்றப் பாதி கையிருப்பாக இருக்கும். வேகமான வண்டி அந்தக் கையிருப்பைத் தின்றுதான் ஓடுகிறது. வயதும் அதே கையிருப்பிலிருந்துதான் எடுக்கிறது. சாதாரணமாக ஓட்டுவதற்கே முழுக் கவனமும் தேவைப்படத் தொடங்கும் நாள் எதுவோ, அதுவே வேக வண்டியை விட வேண்டிய நாள் என்பது என் உறுதியான எண்ணம். அது சிலருக்கு நாற்பத்தைந்தில் வரும், சிலருக்கு எழுபதில் வரும். ஒரு விபத்து நடக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்றிருப்பவர்கள், தாங்கள் எடுக்க வேண்டிய முடிவை வேறு எதனிடமோ ஒப்படைத்துவிடுகிறார்கள்.

வேகத்தின் மேலுள்ள பிரியத்தைச் சிறுமைப்படுத்தி இதை எழுத எனக்கு விருப்பமில்லை. எங்கள் காலத்தில் வேகம் என்றால் ராஜ்தூத் 350. யமஹாவின் ஆர்டி 350ஐ அடிப்படையாகக் கொண்டு எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983இல் இங்கே கொண்டுவந்த அந்த இரட்டை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு ஆறு கியர், 347 சிசி, முப்பது குதிரைத்திறனை ஒட்டிய சக்தி. பிரேக் மட்டும் முன்னும் பின்னும் டிரம். என்ஜின் மெதுவாகச் சுழலும்போது சாதுவாகப் போய்க்கொண்டிருக்கும் வண்டி, சுழற்சி ஒரு கட்டத்தைத் தாண்டியதும் சத்தம் மாறி, ஹேண்டில் லேசாகி, முதுகை யாரோ பின்னாலிருந்து தள்ளியதுபோல் பாயும். அந்த ஒரு நொடியை அனுபவித்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. 2013இல் கேடிஎம் நிறுவனத்தின் 390 டியூக் வந்தது. 2018இல் ராயல் என்ஃபீல்டின் 650 சிசி இரட்டையர்கள் வந்தன. 47 குதிரைத்திறனும் 200 கிலோவுக்கு மேல் எடையும் கொண்ட வண்டியை நடுத்தரக் குடும்பத்துக்காரர் வாங்க முடிகிற காலம் வந்ததில் எனக்கு இன்றும் மகிழ்ச்சிதான். அந்த வண்டிகள் எனக்கு நிறையக் கொடுத்திருக்கின்றன. விடியற்காலை ஏற்காடு அடிவாரத்தில் என்ஜின் சூடாகக் காத்திருந்த நேரங்களை வேறு எதற்கும் நான் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

ஆனால் உடல் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. முதலில் சொல்வது கண். வயது ஏற ஏற இருட்டில் கண்ணின் பாவை முன்போல் விரிவதில்லை. லென்ஸ் மஞ்சளித்துக் கலங்குகிறது. அறுபது வயதில் விழித்திரையை அடையும் ஒளி, இருபது வயதில் அடைந்ததில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் என்று கண் மருத்துவம் சொல்கிறது. பகலில் இது தெரியாது. சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகும் சாலையில், நான்கு வழி திடீரென்று இரு வழியாகச் சுருங்கிய புறவழிச்சாலைகளில் பல ஆண்டுகள் இரவில் ஓட்டியவர்களுக்குத் தெரியும். எதிரே வரும் லாரியின் ஹை பீம் கண்ணில் அடித்து, அது கடந்து போன பிறகு, சாலை மறுபடி தெரிவதற்குள் ஒரு கறுப்பு இடைவெளி வரும். இளவயதில் அது இமைப்பொழுது. பிறகு மெல்ல நீள்கிறது. பின்விளக்கு எரியாமல் ஓரத்தில் நிற்கும் ட்ராக்டர் டிரெய்லர் அந்த இடைவெளிக்குள்தான் இருக்கும். இரவுப் பயணத்தை ஏதாவது ஒரு காரணம் சொல்லித் தவிர்க்கத் தொடங்கியிருக்கிறோம் என்றால், மனம் ஒப்புக்கொள்ளாததைக் கண் ஒப்புக்கொண்டுவிட்டது என்று பொருள்.

அடுத்தது கழுத்து. இதை யாரும் பேசுவதில்லை என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். கொண்டை ஊசி வளைவில் வண்டி போகும் திசையைக் கை தீர்மானிப்பதில்லை, பார்வைதான் தீர்மானிக்கிறது. வளைவுக்குள் நுழையும்போதே முகவாயைத் தோள் வரை திருப்பி, வளைவு முடிந்து சாலை மேலேறும் இடத்தைப் பார்க்க வேண்டும். பார்த்தால் வண்டி தானே அங்கே போகும். முன்சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் தடுப்புச் சுவரைப் பார்த்தால் வண்டி சுவரை நோக்கித்தான் போகும். கழுத்தெலும்புத் தேய்மானம் தொடங்கியவர், தலையை முழுவதும் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓரத்துக்கு ஓட்டிப் பார்க்கிறார். ஹெல்மெட்டின் விளிம்பு அந்தப் பார்வையை அறுத்துவிடும். அதனால் வளைவின் நடுவில் வண்டி தன் பாதையை விட்டு வெளியே விலகி எதிர்ப்பக்கக் கோட்டைத் தொடும். அவர் பயந்து பிரேக்கைத் தொடுவார். 100 சிசி வண்டியில் இது ஒரு தடுமாற்றத்தோடு முடிந்துவிடும். வளைவுக்கு முன்னால் மூன்றாவது கியரில் முறுக்கி வந்த 650 சிசி வண்டியில் அப்படி முடியாது.

எடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டீக்கடை வாசலில் சரளையும் சரிவுமான இடத்தில் இருந்து 200 கிலோ வண்டியைக் காலால் உந்திப் பின்னுக்கு எடுக்கும்போது இடுப்பு என்ன சொல்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். மருந்துகள்தான் அதைவிட முக்கியம். ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் எழுந்ததும் தலைசுற்றலைத் தருகின்றன. சளிக்கு வாங்கும் சாதாரண மாத்திரைகூட அரைத் தூக்கத்தில் வைத்துவிடும். நீண்ட காலச் சர்க்கரை நோய் பாதத்தின் உணர்ச்சியைக் குறைக்கிறது; மோட்டார் சைக்கிளில் கியரும் பின்பிரேக்கும் பாதத்தில்தான் இருக்கின்றன. எந்த மருத்துவரும் "நீங்கள் என்ன வண்டி ஓட்டுகிறீர்கள்?" என்று கேட்டு நான் பார்த்ததில்லை. நாமே முந்திக்கொண்டு சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் அனுபவம் ஈடுகட்டிவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஓரளவு உண்மை. அனுபவசாலி ஆபத்தை முன்கூட்டியே மோப்பம் பிடிக்கிறார். தேவையில்லாத இடத்தில் முந்துவதில்லை. ஆனால் கணக்கு ஒன்று இருக்கிறது, அதை அனுபவத்தால் மாற்ற முடியாது. மணிக்கு 120 கிலோமீட்டரில் போகும் வண்டி நொடிக்கு 33 மீட்டர் கடக்கிறது. ஆபத்தைப் பார்த்து பிரேக்கைப் பிடிக்க ஒரு நொடி எடுத்தவருக்கு இப்போது ஒன்றரை நொடி ஆகிறது என்றால், பிரேக் வேலை செய்யத் தொடங்கும் முன்பே 17 மீட்டர் கூடுதலாகப் போய்விட்டார். காய்ந்த தார்ச்சாலையில் நல்ல பிரேக் உள்ள வண்டி 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கச் சுமார் 35 மீட்டர் எடுத்தால், 120இலிருந்து நிற்கச் சுமார் 80 மீட்டர் எடுக்கும். ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும். இழந்த அரை நொடியைத் திருப்பித் தராது. 2018இல் மத்திய அரசு வேக வரம்புகளை உயர்த்தியபோதும், நான்கு வழிச்சாலையில் இரு சக்கர வண்டிக்கு 80 என்றுதான் வைத்தது. அந்த எண்ணில் ஒரு நியாயம் இருக்கிறது.

பந்தய உலகில் இரண்டு பேரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஆஸ்திரேலியாவின் கேசி ஸ்டோனர் 2007இலும் 2011இலும் மோட்டோஜிபி உலகப் பட்டம் வென்றவர். 2012 முடிவில், 27 வயதில், வேகத்தில் யாருக்கும் குறையாத நிலையில் முழுநேரப் பந்தயத்தை விட்டுவிட்டார். வட அயர்லாந்தின் ஜோயி டன்லப் ஐல் ஆஃப் மேன் டிடி பந்தயத்தில் மொத்தம் 26 முறை வென்றவர். அவற்றில் மூன்று வெற்றிகள் 2000ஆம் ஆண்டு ஜூனில், 48 வயதில் வந்தவை. அடுத்த மாதம் எஸ்டோனியாவின் தாலினில், மழையில் நனைந்த சாலைப் பந்தயத்தில் மரத்தில் மோதி இறந்தார். அவரை நான் குறை சொல்லவில்லை. அவர் காட்டிய திறமைக்கு முன்னால் வாயடைத்து நிற்கிறேன். ஆனால் "நான் இன்னும் நன்றாகத்தான் ஓட்டுகிறேன்" என்பதை, தொடர்ந்து ஓட்டுவதற்குப் போதுமான காரணமாக நாம் எடுத்துக்கொள்கிறோமே, அதை இந்த இரண்டு வாழ்க்கைகளும் என்னை மறுபடி யோசிக்க வைக்கின்றன. நன்றாக ஓட்டும்போது விட்டால் மட்டுமே விடுவது நம் முடிவாக இருக்கும்.

டன்லப் இறந்த அந்தப் பந்தயம் 125 சிசி வகுப்பு என்பதையும் சொல்ல வேண்டும். பெரிய வண்டியைக் கொடுத்துவிட்டு ஸ்கூட்டருக்கு மாறினால் பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதத்தினர் இரு சக்கர வண்டிகளில் சென்றவர்கள். அவர்களில் பெரும்பாலோர் ஓட்டியவை அன்றாட வண்டிகள்தான் என்பதை நம் சாலைகளைப் பார்க்கும் எவரும் ஊகிக்கலாம். ஸ்கூட்டரின் சிறிய சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் பெரிய சக்கரத்தைவிட மோசமாகத் தூக்கிப்போடும். ஆகவே வண்டியின் சிசியைக் குறைப்பதோடு வேலை முடிவதில்லை. இரவைக் குறைக்க வேண்டும், தொலைவைக் குறைக்க வேண்டும், அடுத்த தெருதானே என்று ஹெல்மெட்டை மாட்டாமல் போகும் பழக்கத்தை அறவே விட வேண்டும். அப்படி ஓட்டினால் எழுபதைத் தாண்டியும் ஓட்டலாம். வேக வண்டியை விடுவதும் வண்டி ஓட்டுவதையே விடுவதும் வேறு வேறு. இந்த வேறுபாட்டை வீட்டிலுள்ளவர்களும் புரிந்துகொண்டால், சாவியை ஒளித்து வைக்கும் சண்டைகள் பாதி குறையும்.

சட்டம் இதில் நமக்கு அதிகம் உதவுவதில்லை. 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் புதுப்பிக்கும் ஓட்டுநர் உரிமம் ஐந்தைந்து ஆண்டுகளுக்குக் கிடைக்கிறது. நாற்பதுக்கு மேல் மருத்துவச் சான்றும் வேண்டும். ஆனால் அந்தச் சான்றுக்காக இரவுப் பார்வையையோ கழுத்துத் திருப்பத்தையோ யாரும் சோதிப்பதில்லை. தொடக்கத்திலும் இதே குறைதான். ஐரோப்பாவில் 125 சிசி, நடுத்தர சக்தி, பிறகு வரம்பில்லாதது என்று உரிமம் படிப்படியாக ஏறுகிறது. இங்கே கியர் வண்டி உரிமம் ஒன்று வாங்கிய பதினெட்டு வயதுப் பையன், 100 சிசியையும் ஓட்டலாம், 1000 சிசியையும் ஓட்டலாம்.

அதனால்தான் என் வண்டியை விற்றபோது யாருக்கு விற்பது என்பதில் பிடிவாதமாக இருந்தேன். அதிக விலை சொன்னவர் கல்லூரி முதலாண்டு மகனுக்காகக் கேட்டார், அவருக்குக் கொடுக்கவில்லை. முப்பதைக் கடந்த, 200 சிசி வண்டியைப் பல ஆண்டுகள் ஓட்டிய ஒருவர் வாங்கினார். என் முன்னிலையில் செயின் தளர்வைப் பார்த்து, டயரின் தயாரிப்பு வாரத்தைப் படித்து, பிரேக் ஆயிலின் நிறத்தைக் கவனித்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்தார். ஆர்சி பெயர் மாற்றம் முடியும் வரை கூடவே இருந்தேன். இப்போது ஒரு 125 சிசி வண்டியில் காலையில் மட்டும் ஏற்காடு போகிறேன். எத்தனை மணிக்கு மேலே போய்ச் சேர்ந்தேன் என்று பார்ப்பதில்லை.

ஐம்பதைக் கடந்தவர்கள் சேர்ந்து பயணம் போகும் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் ஓட்டத்தில் வரும் மாற்றம் நமக்குத் தெரிவதைவிடப் பின்னால் வருபவருக்கு நன்றாகத் தெரியும். வளைவின் நடுவில் பிரேக் விளக்கு எரிகிறதா, கோடு தாண்டுகிறோமா, முந்தும்போது வலப்பக்கம் திரும்பிப் பார்க்கிறோமா என்பதையெல்லாம் அவர் பார்க்கிறார். பயணம் முடிந்து உட்காரும்போது, பின்னால் வந்தவர் முன்னால் போனவரிடம் தான் பார்த்ததை மரியாதையோடு, மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று ஓர் ஏற்பாட்டைச் செய்துகொள்ளுங்கள். எங்கள் குழுவில் சென்ற ஆண்டு முதல் இதைச் செய்கிறோம். எனக்குச் சொன்னவர் என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். "அண்ணா, வலது வளைவுல எல்லாம் நீங்க லேட்டா திரும்புறீங்க" என்றார். அடுத்த வாரமே வண்டியை விற்பனைக்குப் போட்டேன்.