ஃபெயிலானவனுக்கு வீடியோ அனுப்பாதீர்கள்

தோல்விதான் ஒருவனை உயர்த்தும் என்று ஒருவர் மேடையில் பேசும் அந்த வீடியோவை இன்று காலைக்குள் ஏழெட்டுப் பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். யார், எந்த மேடை என்று நான் சொல்ல வேண்டியதில்லை, எல்லோரும் பார்த்தாயிற்று. "ஃபெயிலான தம்பி தங்கைகளே, உங்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது" என்கிறார். கூட்டம் கை தட்டுகிறது. ப்ளஸ் டூ ரிசல்ட் வந்து முழுசாக ரெண்டு நாள் ஆகவில்லை, பொறாமையாம்! அவ்வளவு பொறாமை என்றால் அண்ணன் தன் மார்க் ஷீட்டைக் கொடுத்துவிட்டு அந்தப் பிள்ளையுடையதை வாங்கிக்கொண்டு போகலாமே.

நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். தோல்வி தானாக யாருக்கும் எதையும் கற்றுக்கொடுக்காது. எந்தக் கேள்வியில் போனது, ஏன் போனது என்று கூட உட்கார்ந்து பார்க்க ஒரு ஆள் வேண்டும். ஆள் கிடைத்தவன் எழுந்துவிடுகிறான். கிடைக்காதவனை எவனும் மேடையேற்றுவதில்லை.

நானும் ப்ளஸ் டூவில் கணக்கில் போனவன்தான். அது 1200 மார்க் காலம். இருநூறுக்கு எழுபது எடுத்தால் பாஸ், எனக்கு 61. அந்த வாரம் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் உத்வேகம்தான் கொடுத்தார்கள். மாமா காபியை ஆற்றிக்கொண்டே, "ராமானுஜனே ஃபெயிலானவர்தான்டா" என்றார். அப்புறம் சமையலறைப் பக்கம் திரும்பி, "இவனைப் பேசாம ஐடிஐல தள்ளிவிடுக்கா" என்றார். எனக்குக் காது கேட்கும். (ஐடிஐ என்ன மட்டமா என்பது தனிப் பதிவு.)

டுடோரியலில் ஒரு சார். நான் ஃபெயிலான அதே கேள்வித்தாளைக் கொடுத்து மறுபடி எழுதச் சொன்னார். கைக்கடிகாரத்தைக் கழற்றி பெஞ்சில் வைத்தார். ஒவ்வொரு ஆறு மார்க் கேள்வியையும் நான் முடித்த நேரத்தைத் தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தார். நேரம் முடிந்தபோது பத்து மார்க் கேள்விகளில் பாதியை நான் தொடவே இல்லை. "கணக்கு உனக்கு வருதுப்பா, கடிகாரம் பார்க்கத்தான் வரலை. நாளைலேர்ந்து பத்து மார்க்கை முதல்ல போடு" என்றார். அவ்வளவுதான். எரிபொருள், நெருப்பு, பீனிக்ஸ் பறவை எதுவும் அவர் வாயில் வரவில்லை.

"அந்தத் தோல்விதானே உன்னை டுடோரியலுக்கு அனுப்பியது?" என்று கமெண்டில் வருவீர்கள். அனுப்பியது அப்பா கடன் வாங்கிக் கட்டிய ஃபீஸ். "பாசிட்டிவாகப் பேசினால் தப்பா?" என்று இன்னொரு கோஷ்டி வரும். பேசுங்களேன், யார் வேண்டாம் என்றது? சிலருக்கு அந்தப் பேச்சு நிஜமாகவே தெம்பு கொடுக்கும் என்கிறீர்கள். சரி, கொடுக்கட்டும்.

ராமானுஜன் கதைக்கு வருகிறேன், மாமா இதைப் படிப்பார். கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை பறிபோனபோது ராமானுஜன் வீறுகொண்டு எழவில்லை. வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். பிறகு சென்னையில் எஃப்.ஏ. என்ற அந்தக் காலத்துக் கல்லூரித் தேர்விலும் தோற்றார், கடைசிவரை அதில் பாஸாகவே இல்லை. அவரைத் தாங்கிப் பிடித்தது மாதாமாதம் பணம் கொடுத்த ராமச்சந்திர ராவ். 1912இல் துறைமுக ஆபீசில் கிடைத்த 30 ரூபாய் குமாஸ்தா வேலை. அங்கே அவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்ட நாராயண ஐயர். இவர்கள் இல்லாமல் 1913இல் கேம்பிரிட்ஜ் கணித மேதை ஹார்டிக்குக் கடிதம் போயிருக்குமா? ஆள் வேண்டும் என்கிறேன், ஆள்!

அடுத்து காமராஜரை இழுப்பீர்கள். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட அந்த மனிதர் முதலமைச்சரானதும் ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்தார், மதியம் சோறும் போட்டார். படிக்காதவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

உண்மையைச் சொன்னால் அந்த அண்ணன் மேல்கூட எனக்குப் பெரிய கோபமில்லை. அவருக்கு அது தொழில். வீடியோ அனுப்பியவர்களில் இரண்டு பேர் அன்றைக்கு எங்கள் திண்ணையில் உட்கார்ந்து "அறுபத்தொண்ணா?" என்று சிரித்தவர்கள். இன்றைக்கு இதயக் குறி போட்டு, "உன்னைத்தான் நினைச்சேன்" என்று அனுப்புகிறார்கள். அன்று ஒரு பயல் புத்தகத்தைக் கொண்டுவா, பார்ப்போம் என்று கேட்கவில்லை. இன்று என் 61 அவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும் நீதிக்கதை.

தெரிந்த வீட்டில் யாராவது ஃபெயிலாகியிருந்தால் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அதற்கும் துணைத் தேர்வுக்கும் கடைசித் தேதி எப்போது என்று பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள். துணைத் தேர்வில் பாஸானால் இந்த வருஷமே கல்லூரியில் சேரலாம். ஃபீஸ்தான் பிரச்சினை என்றால் இன்பாக்ஸுக்கு வாருங்கள். கணக்கு என்றால் பிள்ளையைக் கேள்வித்தாளோடு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் அனுப்புங்கள், வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்.