மாட்டின் இரத்தப் பூச்சில் தைலேரியா தெரிந்தால் போதாது

"இரத்தப் பூச்சில் தைலேரியா தெரிந்தது, ஆகவே மாட்டின் கரு கலைந்ததுக்கு உண்ணிதான் காரணம்" என்ற கருத்து பிழை. இரத்தப் பூச்சு என்பது நுண்ணோக்கியில் பார்க்கக் கண்ணாடித் தகட்டில் பூசிய இரத்தம்; தைலேரியா உண்ணி பரப்பும் இரத்த ஒட்டுண்ணி. வன்னியில் காட்டோரம் மேயும் மாடுகள் நோயில்லாமலே அந்த ஒட்டுண்ணியைச் சுமக்கலாம். அதுதான் காரணமென்றால் கரு கலைந்த நாட்களில் 40 பாகைக்கு மேல் காய்ச்சலோ கடும் இரத்தசோகையோ இருந்திருக்க வேண்டும்; உண்ணி பரப்பும் மற்ற ஒட்டுண்ணியான பபீசியா என்றால் மூத்திரம் கோப்பி நிறத்தில் போகும். ஈடிடிஏ (இரத்தம் உறையாமல் வைக்கும் மருந்து) குழாயில் இரத்தம் எடுத்து செங்கலக் கனவளவை, அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்களின் வீதத்தை, பாருங்கள். 24 வீதத்துக்குக் கீழே போனால் சோகை.

கடைசி மூன்று மாதத்தில் கலைந்தால் முதலில் கருவைக் கலைக்கும் பக்டீரியாவான புருசெல்லாவைச் சந்தேகியுங்கள். சீரத்தில் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) புருசெல்லாவுக்கான ரோஸ் பெங்கால் சோதனை செய்யுங்கள், இல்லையென்று வந்தாலும் 3 கிழமையில் திரும்பவும் செய்யுங்கள். கருவையும் இளங்கொடித் துண்டையும் ஐஸ் பெட்டியில் கால்நடை வைத்தியரிடம் கொடுங்கள். தயவுசெய்து வெறுங்கையால் தொடாதீர்கள், புருசெல்லா மனிசருக்கும் தொற்றும்.