இந்த விலைக்கு இவ்வளவுதானா?

‘இந்த விலைக்கு இவ்வளவுதான் சார்’ என்ற வாக்கியத்தைக் கடந்த மூன்று மாதங்களில் நான்கு பேர் என் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்கள். அவர்களில் ஒருவர்கூட என் கடிகாரத்தின் பின்மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை என்பதுதான் என்னைக் கொதிக்க வைக்கிறது.

2021-ல், ஏழெட்டு மாதம் பணம் சேர்த்து, ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் ஆட்டோமேட்டிக் டைவர் கடிகாரத்தை, அதாவது கை அசைவிலேயே தானாகச் சாவி ஏறும், நீரில் மூழ்குபவர்களுக்கான கடிகாரத்தை, வாங்கினேன். இருபதாயிரத்துச் சொச்சம் ரூபாய். கடிகாரப் பிரியர்களின் கணக்கில் இது மலிவு விலை; மாதச் சம்பளத்தில் வீட்டு வாடகை கொடுத்து வாழும் எனக்கு அது சிறிய தொகை அல்ல. அலமாரியில் பூட்டிவைத்துப் பார்ப்பதற்காக நான் அதை வாங்கவில்லை. வேளச்சேரியிலிருந்து தரமணிக்கு வண்டியில் போய்வருபவனுக்கு, வெயிலில் வழியும் வியர்வைக்கும் ஐப்பசி மழைக்கும் ஞாயிற்றுக்கிழமை பெசன்ட் நகர்க் கடற்கரையின் உப்புக் காற்றுக்கும் அஞ்சாமல், தினமும் கையிலேயே கிடக்கக்கூடிய, பேட்டரி மாற்றத் தேவையில்லாத ஒரு கடிகாரம் வேண்டும் என்றுதான் வாங்கினேன். அதன் முகப்பில் ‘டைவர்ஸ் 200 மீட்டர்’ என்று அச்சிட்டிருந்தது.

அந்த எழுத்துக்குப் பொருள் உண்டு என்பதை இங்கே யாரும் ஏற்றுக்கொள்வதாகத் தெரியவில்லை. ‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’ என்று மட்டும் எழுதிய கடிகாரம் வேறு, ‘டைவர்ஸ்’ என்று எழுதிய கடிகாரம் வேறு. பின்னதற்கு ஐ.எஸ்.ஓ. 6425 என்ற தனிச் சர்வதேசத் தரநிர்ணயம் இருக்கிறது. குறைந்தது 100 மீட்டர் ஆழத்துக்காவது அது தாங்க வேண்டும். குறிப்பிட்ட ஆழத்தைவிடக் கால் பங்கு கூடுதலான அழுத்தத்தில், அதாவது 200 மீட்டர் என்று எழுதியிருந்தால் 250 மீட்டருக்குச் சமமான அழுத்தத்தில், நீருக்குள் வைத்துச் சோதிக்க வேண்டும். மாதிரிக்கு நாலைந்தை எடுத்துப் பார்த்தால் போதாது, ஒவ்வொரு கடிகாரத்தையும் சோதிக்க வேண்டும். பிளாங்பான், ரோலெக்ஸ் போன்ற சுவிஸ் நிறுவனங்கள் 1953-ல் தொடங்கிவைத்த இந்த வகையை, 1965-ல் சீக்கோ தன் முதல் 150 மீட்டர் டைவர் வழியாக ஜப்பானுக்குக் கொண்டுவந்தது. அந்தத் தொடர்ச்சியால்தான் இன்று என்னைப் போன்றவனின் கைக்கும் அப்படி ஒரு கடிகாரம் எட்டுகிறது. விலை குறைவு என்பதால் சோதனையும் குறைவு என்று அந்தத் தரநிர்ணயத்தில் எங்கும் சலுகை கிடையாது.

என் கடிகாரம் அதை நிரூபித்தும் காட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் இடுப்பளவுத் தண்ணீர் நின்றது. பக்கத்து வீட்டுப் பாட்டியை மாடிக்கு ஏற்றியது, பால் பாக்கெட்டுக்காக நடந்தது, வண்டியைத் தள்ளியது என்று இரண்டு நாட்கள் அந்தச் சாக்கடை கலந்த வெள்ளத்தில் என் கை மூழ்கி மூழ்கி எழுந்தது. கடிகாரத்துக்குள் ஒரு துளி நீர் போகவில்லை. சோப்பு நீரில் கழுவித் துடைத்தேன், அவ்வளவுதான். அன்றைக்கு அதன் மீது எனக்கு ஏற்பட்ட பற்று சாதாரணமானதல்ல.

பிறகுதான் வினை வந்தது. 2024 ஆடி மாதத்தில் கடிகாரம் திடீரென ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் முந்தி ஓடத் தொடங்கியது. இந்த விலையில் வரும் இயந்திரங்கள் நாளொன்றுக்கு இருபது முப்பது நொடி முன்பின்னாக ஓடுவது இயல்பு. அதை நான் ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. ஆனால் நேற்றுவரை சரியாக ஓடிய கடிகாரம் இன்று நிமிடக் கணக்கில் முந்துகிறது என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது காந்தத்தை. கைபேசியின் ஒலிபெருக்கி, காதொலிக் கருவியின் பெட்டி, பையின் காந்தப் பூட்டு என்று நம் மேசை முழுவதும் காந்தம்தான். உள்ளே கடிகாரத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும், மயிரிழை போன்ற சுருள்வில்லான ஹேர்ஸ்பிரிங் காந்தமேறினால் அதன் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சுருளின் வேலை செய்யும் நீளம் குறைவதால் கடிகாரம் வேகம் பிடிக்கும். ஒரு திசைகாட்டியைப் பக்கத்தில் கொண்டுபோனால் முள் ஆடுவதிலேயே தெரிந்துவிடும். காந்தத்தை நீக்கும் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அரை நிமிட வேலை. பின்மூடியைத் தொடவே தேவையில்லை. அன்றைக்கு எனக்கு இது எதுவும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர்களிடம்தானே கொண்டுபோகிறோம்!

தியாகராய நகரில், கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் சீருடை அணிந்த பணியாளரும் உள்ள கடை ஒன்றில் கொடுத்தேன். திசைகாட்டியும் இல்லை, சோதனையும் இல்லை. ‘முழு சர்வீஸ் பண்ணணும் சார்’ என்றார்கள். மூவாயிரத்து எண்ணூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, பன்னிரண்டு நாள் கழித்துத் திருப்பித் தந்தார்கள். நேரம் சரியாக ஓடியது. ரசீதில் ஆறு மாத உத்தரவாதம் என்று முத்திரை இருந்தது. நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான வாஷரை மாற்றினீர்களா, நீர் கசிகிறதா என்று அழுத்தம் கொடுத்துப் பார்க்கும் பிரஷர் டெஸ்ட் செய்தீர்களா என்று நான் கேட்டதற்கு, ‘எல்லாம் பண்ணியாச்சு சார்’ என்ற பதில் உடனே வந்தது.

மூன்றாவது வாரம், மதிய வெயிலில் வெளியே போய்விட்டு அலுவலகக் குளிருக்குள் நுழைந்தபோது, கண்ணாடியின் உட்புறத்தில் மெல்லிய பனிப்படலம் படர்ந்ததைப் பார்த்தேன். சென்னையின் காற்றில் எப்போதும் ஈரம் நிறைந்திருக்கிறது. அது கசியும் வாஷர் வழியே உள்ளே போய்த் தங்கிவிட்டால், ஏசி அறையில் கண்ணாடி குளிர்ந்ததும் உள்ளிருக்கும் ஈரம் அதன் மேல் நீராகப் படியும். அக்டோபர் மழை அதை முழுமைப்படுத்தியது. வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் ஊரே தன் கார்களை ஏற்றி நிறுத்தி வைத்திருந்த அந்த வாரத்தில், வெறும் தூறலில் பதினைந்து நிமிடம் வண்டி ஓட்டியதற்கே, தேதிக் கட்டத்தின் ஓரத்தில் நீர்த்துளி நின்றது. மிக்ஜாம் வெள்ளத்தைத் தாங்கிய அதே கடிகாரம்!

கடைக்குத் திரும்பப் போனேன். அங்கேதான் முதன்முதலாக அந்த வாக்கியத்தைக் கேட்டேன். தண்ணீர் புகுந்தால் உத்தரவாதம் செல்லாதாம். தண்ணீர் புகாமல் இருப்பதற்காகவே உருவாக்கப்பட்ட ஒரு பொருளைத் திறந்து மூடிவிட்டு, தண்ணீர் புகுந்தால் நாங்கள் பொறுப்பல்ல என்று சொல்ல எப்படி மனம் வருகிறது? ‘மழையில ஏன் சார் கட்டிட்டுப் போனீங்க?’ என்று என்னையே குற்றவாளியாக நிறுத்தினார் ஒருவர். ‘200 மீட்டர்னு போடுறதெல்லாம் டிசைனுக்கு சார், இந்த விலைக்கு இவ்வளவுதான்’ என்றார் மேலாளர். அந்த முகப்பில் இருக்கும் எண்ணை அழகுக்காக வரைந்த கோலம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர், அதே வகைக் கடிகாரங்களைத் தன் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி, அதே எண்ணைக் காட்டித்தான் விற்றுக்கொண்டிருக்கிறார். அதற்கடுத்து அண்ணா நகரிலும் அடையாறிலும் ஏறி இறங்கிய மூன்று கடைகளிலும் இதே பதில்தான் கிடைத்தது.

பிறகு பாரிமுனைப் பக்கம் ஒரு மாடிப்படியின் கீழ் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் போனேன். எச்.எம்.டி. கடிகாரங்களைப் பழுது பார்த்தே முடி நரைத்தவர். அவர் என் கண்ணெதிரே பின்மூடியைத் திருகிக் கழற்றினார். உள்ளே இருந்தது பழைய வாஷர். மூன்று வருட அழுத்தத்தில் தட்டையாகி, உயிரற்றுப் போன அதே ரப்பர் வளையம். எண்ணெய்ப் பசை துளியும் இல்லை. மூடும்போது ஒரு பக்கம் மடிந்து, பின்மூடியின் மரைக்கும் உடலுக்கும் நடுவே நசுங்கி அறுந்திருந்தது. சாவித் தண்டில் துரு ஏறத் தொடங்கியிருந்தது. அவர் பூதக்கண்ணாடியை என்னிடம் கொடுத்து, ‘பாருங்க தம்பி, இதை யாரும் மாத்தவே இல்ல’ என்றார். ஒரு வாஷரின் விலை என்ன? ஒருவேளை சாப்பாட்டுக் காசுகூட ஆகாது. மூவாயிரத்து எண்ணூறு ரூபாய் வாங்கிய இடத்தில், அந்தச் சிறிய வளையத்தை மாற்றிச் சிலிக்கான் கிரீஸ் தடவ ஒரு கைக்கு நேரமில்லை.

பிரஷர் டெஸ்ட் என்றதும் பெரிய ஆலை இயந்திரம் வேண்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். கையால் காற்றடிக்கும் சிறிய கருவிகள் உண்டு. நீருக்கு மேலே கடிகாரத்தைத் தொங்கவிட்டுக் காற்றழுத்தம் ஏற்றி, பிறகு நீருக்குள் இறக்கி, அழுத்தத்தை மெதுவாக விடுவித்தால், கசிவுள்ள இடத்திலிருந்து குமிழி வரும். சைக்கிள் டியூபைத் தண்ணீரில் முக்கிப் பஞ்சர் பார்ப்பது போலத்தான். அதுவும் இல்லையா, தரநிர்ணயத்திலேயே எளிய சோதனை ஒன்று இருக்கிறது: கடிகாரத்தை 40-லிருந்து 45 டிகிரி வரை சூடாக்கி, கண்ணாடியின் மேல் குளிர்ந்த நீர் ஒரு துளி விட்டு, ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பார்க்க வேண்டும், உட்புறம் பனி படர்ந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. நம் ஊர் சித்திரை வெயிலில் அந்தச் சூடு இலவசமாகவே கிடைக்கும். அதைக்கூடச் செய்யாமல் ‘எல்லாம் பண்ணியாச்சு’ என்று ஒருவர் வாய் கூசாமல் சொல்வதை நான் கவனக்குறைவு என்று ஏற்க மாட்டேன். அது பொய்.

இதே கடையில் ஐந்து லட்ச ரூபாய்க் கடிகாரத்தோடு ஒருவர் போயிருந்தால், உட்கார வைத்து, காபி கொடுத்து, சோதனைத் தாளை அச்சிட்டுக் கையில் தந்திருப்பார்கள். இருபதாயிரத்துக் கடிகாரத்தோடு வருபவனுக்கு ரப்பர் வளையம்கூட அதிகம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். என் கடிகாரம் குறைந்த விலைக்குக் கிடைத்தது. அதைச் செய்தவர்கள் தங்கள் வேலையைக் குறைவாகச் செய்யவில்லை.

பாரிமுனைப் பெரியவர் துருவைச் சுத்தம் செய்து, புது வாஷர் போட்டு, நானூறு ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டார். ‘என்கிட்ட பிரஷர் மெஷின் இல்ல தம்பி, சோதிச்சுப் பார்க்காம தண்ணியில இறக்காதீங்க’ என்று அவராகவே சொன்னார். அறுந்துபோன அந்தப் பழைய வாஷரை ஒரு சிறிய பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுக்கச் சொல்லி வாங்கி வந்திருக்கிறேன். சனிக்கிழமை காலை கடை திறந்ததும், ரசீதோடு சேர்த்து அதை அந்த மேலாளரின் மேசையில் வைக்கப் போகிறேன்.