உப்பெலோடேயை வெறும் 'கதைப்புத்தக ஓவியர்' என்று சொல்லலாமா?

ஜெர்மன் ஓவியர் ஓட்டோ உப்பெலோடேயைப் பற்றிய உங்கள் கட்டுரை, நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் கதைகளுக்குப் படம் வரைந்தவர் என்று ஒரே வரியில் அவரை முடித்துவிட்டது. அது போதாது. 1867-ல் ஜெர்மனியின் ஹெஸ்ஸன் பகுதியிலுள்ள மார்புர்க் நகரில் பிறந்து மியூனிக்கில் ஓவியம் படித்தவர், 1900 வாக்கில் சொந்த ஊருக்குப் பக்கத்தில் கோஸ்ஃபெல்டன் கிராமத்திலேயே குடியேறிவிட்டார். லான் ஆற்றங்கரையும் ஹெஸ்ஸன் மலைகளும்தான் அவர் உலகம்.

1907-லிருந்து 1909 வரை அந்தக் கதைகளுக்காக நானூறுக்கும் மேற்பட்ட கோட்டோவியங்கள் வரைந்தார். அவற்றில் வரும் இடங்களில் பலவும் கற்பனை இல்லை. கோபுரத்தில் அடைத்துவைக்கப்பட்ட பெண்ணான ராப்புன்ஸெலின் கதைக்கு அவர் வரைந்த கோபுரம், மார்புர்க் பக்கத்து ஆமனாவ் கிராமத்தில் இன்றும் நிற்கிறது. கதையில் 'ஒரு காட்டில்' என்று மட்டும் இருப்பதை, அவர் தன் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த இடமாக்கிக் கொடுத்தார். கிரிம் சகோதரர்கள் சட்டம் படித்ததும் மார்புர்க்கில்தான், அதனால் இது இன்னும் பொருத்தம்.

வண்ணமே இல்லாமல், மையில் கோடு மட்டும் போட்டு மரத்தின் அடர்த்தியைக் காட்டுகிறாரே, அதைப் பற்றித்தான் கட்டுரை விரிவாகப் பேசியிருக்க வேண்டும். அப்புறம், அவருடைய நிலக்காட்சி எண்ணெய் ஓவியங்களையும் சேர்த்து எழுதுங்கள். கோஸ்ஃபெல்டனில் அவர் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம்.