காத்மாண்டுக்கு காரில்: பன்சார் சீட்டும் மலை இறக்கமும்

தஞ்சாவூரிலிருந்து காத்மாண்டுக்கு காரில் போக ஆர்சி, லைசென்ஸ் இருந்தால் போதும் என்று ஒரு பயணக் கட்டுரையில் படித்தேன். போதாது. உத்தரப் பிரதேசத்தின் சுனௌலியில் நேபாள எல்லை தாண்டியதும் வண்டிக்கு 'பன்சார்' சீட்டு, அதாவது நேபாள சுங்க அனுமதிச் சீட்டு, போட வேண்டும். கட்டணம் நாள் கணக்கு. ஒரு நாள் கூட்டியே போடுங்கள், மண் சரிந்து ரோடு அடைத்தால் அபராதத்திலிருந்து தப்பலாம். வண்டி வேறொருவர் பெயரில் என்றால் அவர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். ஆளுக்கு பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை. ஆதாரை நம்பிப் போகாதீர்கள். கையில் நூறு ரூபாய் நோட்டாக இருக்கட்டும். நம் 100 ரூபாய்க்கு அங்கே 160 நேபாள ரூபாய்.

எல்லையிலிருந்து காத்மாண்டு சுமார் 270 கிலோமீட்டர்தான், ஆனால் ஒரு பகல் முழுக்கப் பிடிக்கும். வழியில் நாராயண்காட்–முக்லிங் ஊர்களுக்கு இடையே 36 கிலோமீட்டர், ஒரு பக்கம் மலை, மறுபக்கம் திரிசூலி ஆறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை மண்சரிவு அங்கேதான் அதிகம். 2024 ஜூலையில் இரண்டு பஸ்கள் ஆற்றோடு போனது இந்தத் துண்டில்தான். இரவில் வேண்டவே வேண்டாம்.

கல்லணைக் கரை ஏற்றமே பெரிது நம் டெல்டா டிரைவர்களுக்கு. இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் பேட் சூடேறி, கருகல் வாடை வரும், பிறகு பிடிக்காது. ஏறிய கியரிலேயே இறங்குங்கள், நியூட்ரலில் உருட்டாதீர்கள். திரும்பும்போது பன்சார் சீட்டை எல்லையில் காட்ட வேண்டும், பத்திரம்.