பச்சைப் புள்ளியைக் காவல் காப்பது மேனேஜர் வேலை இல்லை

வீட்டிலிருந்து வேலை பார்க்கிற வங்கி ஊழியர்களுக்கு ஈடுபாடு குறைந்துவிட்டது என்று மேலிடத்தில் ஒரு பேச்சு ஓடுகிறது. ஆபீசுக்கு வரவழைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். நான் ஒரு தனியார் வங்கியின் கடன் பரிசீலனைப் பிரிவில் இருக்கிறேன். ஏற்காட்டில் எங்கள் வீட்டு மேஜைதான் என் சீட். என் அனுபவத்தில், எங்கே உட்கார்ந்து வேலை பார்க்கிறோம் என்பதில் பெரிதாக ஒன்றும் இல்லை. யாருக்குக் கீழே வேலை பார்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

வங்கி வேலையில் பயம் ஒன்று எப்போதும் கூடவே இருக்கும். ஒருவர் பதிவு செய்ய, இன்னொருவர் சரிபார்க்க, ஃபைல் நகர்கிறது. தவணை 90 நாளுக்கு மேல் நின்று அது வாராக்கடன் ஆனால், யார் ஐடியில் நகர்ந்தது என்று தேடி வருவார்கள். கிளையில் இருந்தால் சந்தேகம் வந்ததும் பக்கத்து சீட்டில் கேட்டுவிடலாம். அங்கே ஊரையும் தொழிலையும் கரைத்துக் குடித்த சீனியர் ஒருவர் கட்டாயம் இருப்பார். வீட்டில் எனக்கு அப்படி யாரும் இல்லை. மேனேஜர் ஒருவர்தான்.

சேலம் சிவதாபுரம் பக்கம் ஒரு கொலுசுப் பட்டறைக்காரரின் ஃபைல் வந்தது. பட்டறையில் கிலோக் கணக்கில் வெள்ளி இருப்பதாகக் கள ஆய்வு அறிக்கை சொல்கிறது. வங்கிக் கணக்கிலோ அதற்கேற்ற வரவே இல்லை. வருமானத்தை மறைக்கிறாரா, அறிக்கை தப்பா? திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதைய மேனேஜருக்கு மெசேஜ் போட்டதும் அவரே கூப்பிட்டார். "அது அவர் வெள்ளி இல்லைங்கம்மா. வியாபாரி எடை போட்டுக் கொடுப்பார், இவர் கூலிக்குச் செஞ்சு திருப்பிக் கொடுப்பார். வெள்ளியை ஸ்டாக்கா எடுக்காதீங்க, கூலியை மட்டும் வருமானமா எடுங்க. குறிப்புல என்னைக் கேட்டதா எழுதிருங்க." அந்தக் கடைசி வரிதான் ஆதரவு. பொறுப்பில் தானும் ஒரு பங்கு எடுத்துக்கொண்டார். அதற்கப்புறம் கொலுசுப் பட்டறை ஃபைல் எது வந்தாலும் நானே விரும்பி எடுத்துச் செய்தேன்.

அவர் மாற்றலாகிப் போய் அடுத்து வந்தவருக்கு எத்தனை ஃபைல் முடிந்தது என்ற எண்ணிக்கை மட்டும்தான் கண்ணில் படும். சந்தேகம் கேட்டால் "பாலிசியைப் படிங்க" என்று பதில் வரும். சாட்டில் என் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி மஞ்சளானால், அதாவது கொஞ்ச நேரம் சிஸ்டத்தைத் தொடாமல் இருந்தால் மட்டும், உடனே "எங்கே இருக்கீங்க?" என்று வந்துவிடும். என்ன ஆனது தெரியுமா? டீமில் எல்லோரும் கொஞ்சம் சிக்கலான ஃபைலைத் தொடவே தயங்க ஆரம்பித்தோம். கூடுதல் ஆவணம் வேண்டும் என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டால் தலை தப்பும். மாதக் கடைசியில் எண்ணிக்கை சரியாக இருக்கும். கடன் கேட்டவர் மட்டும் இன்னொரு முறை அலைவார்.

1990இல் வில்லியம் கான் என்ற அமெரிக்க ஆய்வாளர், வேலையில் ஒருவர் முழு மனதோடு இறங்க மூன்று விஷயங்கள் வேண்டும் என்று எழுதினார். செய்கிற வேலைக்கு ஓர் அர்த்தம் தெரிய வேண்டும், மனதில் பட்டதைச் சொன்னால் தனக்குக் கெடுதல் வராது என்ற தைரியம் வேண்டும், உடம்பிலும் மனதிலும் அதற்குத் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும். அந்தத் தைரியம் வருவதில் மேலதிகாரி நடந்துகொள்ளும் விதத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்றும் சொன்னார். வீட்டிலிருந்து வேலை என்ற பேச்சே பெரிதாக இல்லாத காலம் அது. ஆனாலும் எங்கள் நிலைமையைப் பார்த்து எழுதியதுபோல இருக்கிறது.

மழைக்காலத்தில் மலைப்பாதையில் ஒரு மரம் சாய்ந்தால் இங்கே கரண்டும் போகும், நெட்டும் போகும். அதைப் பயமில்லாமல் சொல்ல முடிகிறதா என்பதும் இதே கேள்விதான். நம்புகிற மேனேஜரிடம் உடனே சொல்லிவிடுவோம், அவரும் ஃபைலை வேறு ஆளுக்கு மாற்றிவிடுவார். நம்பாதவரிடம் போன் நெட்டை வைத்து எப்படியாவது சமாளிக்கப் பார்த்து அரை நாள் வீணாகும்.

மேனேஜர்களை மட்டும் குற்றம் சொல்லவில்லை. அவர்களுக்கும் சாயங்காலம் ரிவ்யூ மீட்டிங் இருக்கிறது. அங்கே அவர்களிடம் கேட்கப்படுவதும் எண்ணிக்கை ஒன்றுதான். அதனால் மேலே இருக்கிறவர்களிடம் கேட்கிறேன். பெண்டிங் கணக்கு எடுக்கிற அதே எக்செல்லில் இன்னும் ஒரு கட்டம் சேருங்கள்: டீமிலிருந்து எத்தனை சந்தேகம் வந்தது, எத்தனை மணி நேரத்தில் பதில் போனது. மேனேஜருக்கு மதிப்பெண் போடும்போது அதையும் பாருங்கள்.