விலைவாசி பேசினால் அரசியலாம்

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நான் வகுப்பில் கொடுத்த வீட்டுப்பாடத்தைப் படம் பிடித்துப் போட்டு நடந்த கூத்தைப் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். "உங்கள் பாட்டிக்குக் கல்யாணமான வருடம் ஒரு கிலோ அரிசி, ஒரு டீ, ஒரு பஸ் டிக்கெட் என்ன விலை? கேட்டு எழுதி வா." இவ்வளவுதான். இதில் அரசியல் இருக்கிறதாம்.

ஐயா, நான் பிளஸ் டூவுக்குப் பொருளியல் எடுப்பவன். பணவீக்கம், அதாவது விலைவாசி ஏறுகிற வேகம், புத்தகத்தில் இருக்கிறது, நான் சொருகியது இல்லை.

ஒரு மாணவி கேட்டாள்: "சார், பணவீக்கம் குறைஞ்சிடுச்சுன்னு டிவியில சொல்றாங்க. எங்கம்மா மளிகைக் கடைக்குப் போயிட்டு வந்து புலம்புறாங்க. யார் சொல்றது சரி?" இரண்டு பேரும்தான். 100 ரூபாய்ச் சாமான் 107 ஆனது. மறுவருடம் 4 சதவீதம் ஏறினாலும் 111-ஐத் தாண்டிவிடும். ஏறுகிற வேகம்தான் குறைந்தது, ஏறிய விலை இறங்கவில்லை. இதைப் புரியவைக்கத்தான் பாட்டியை இழுத்தேன். படம் பிடித்துப் போட்ட புண்ணியவானுக்கு இந்த வித்தியாசம் தெரியுமா?

அரசாங்கத்தைத் திட்டுகிறேனாம். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியது, சில்லறைப் பணவீக்கம் 7.44 சதவீதம். மழை, வரத்துக் குறைவு என்றுதான் வகுப்பில் சொன்னேன். பணவீக்கத்தில் ரிசர்வ் வங்கிக்கு 4 சதவீதம் இலக்கு, இரண்டு புள்ளி முன்பின் இருக்கலாம் என்றேன். விலையை அடக்க அது வட்டியை ஏற்றினால் தக்காளி காய்த்துவிடாது என்றும் சொன்னேன். இதில் எந்தக் கட்சிக்கு ஓட்டுக் கேட்டேன்? பாடம் சார், வெறும் பாடம்.

"வீட்டுக் கஷ்டம் வகுப்பில் தெரிந்துவிடாதா?" என்று ஒரு அம்மா எழுதியிருந்தார். நியாயமான கவலை. அதனால்தான் இன்றைய செலவைக் கேட்கவில்லை. கேள்வியை முழுதாகப் படித்திருந்தால் தெரிந்திருக்கும், சரி விடுங்கள். "பொதுத்தேர்வில் வருமா?" என்பவர்களிடம் எனக்குப் பேச எதுவும் இல்லை.

என் அப்பா மில்லில் வேலை பார்த்தவர். ஓய்வுபெற்றபோது வந்ததை அப்படியே வங்கியில் போட்டு, வட்டியில் காலம் தள்ளலாம் என்று கணக்குப் போட்டார். விலை வருடத்துக்கு 6 சதவீதம் ஏறினால் 12 வருடத்தில் இரட்டிப்பாகிவிடும். வட்டித் தொகையோ நின்ற இடத்தில் நின்றது. இரண்டு பால் பாக்கெட் ஒன்றானது. அப்புறம் பேப்பரை நிறுத்தினார். "எங்கேயோ ஊதாரித்தனம் பண்ணிட்டேன் போலடா" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு ரூபாய் வீணாக்காத மனிதர். தப்பு உங்கள் மேல் இல்லை அப்பா என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லவில்லை. பொருளியலில் எம்.ஏ. படித்த மகன் நானும் சொல்லவில்லை.

இதைப் போய் அந்தக் குழுவில் எழுத முடியுமா? எழுதினால் அதையும் படம் பிடிப்பார்கள்.

வெள்ளிக்கிழமை நோட்டுகளைத் திருத்தினேன். அந்தக் கேள்வி கேட்ட பெண்ணின் பக்கம் காலி. ஏம்மா என்றேன்.

"பாட்டி எல்லாம் சொன்னாங்க சார். அப்பாதான் எழுத வேணாம்னுட்டாரு."